ஆள் மாறிப் போன ஊசி

பால்துரை அண்ணன் ஜிம்மோட பின்னறையில ரெக்சி இடுப்புல ஊசி குத்துன அதே நேரத்துல, பஸ் ஏறிப் போற தூரத்துல இருந்த காலேஜுல, மாடி வகுப்புல, வரலாறு பாடத்துல உக்காந்திருந்த பிரமசக்தி "யம்மா!"ன்னு கத்திக்கிட்டு பெஞ்சை விட்டு எந்திரிச்சா. பாண்டியர் காலத்து ஏரிக் கணக்கைச் சொல்லிக்கிட்டிருந்த புரொபசர் அப்படியே நின்னு, "என்னம்மா, கேள்வியா?"ன்னாரு, ஏன்னா அந்தப் பிள்ள எந்திரிச்சாலே கேள்வியாத்தான் இருக்கும், அதுவும் சந்தேகம் கேக்கிற கேள்வி கிடையாது, சட்டையப் புடிச்சு உலுக்குற கேள்வி. "இல்ல சார், இடுப்புல என்னமோ குத்திட்டு"ன்னு சொல்லிப் பெஞ்சைத் தடவிப் பாத்தா, ஆணி இல்ல, சிலாம்பு இல்ல, எறும்பு கூட இல்ல. அங்க ஜிம்முல குப்புறக் கிடந்த ரெக்சியோ, "என்னண்ணே, குத்திட்டியளா, இல்ல இன்னும் பஞ்சை வச்சுத் தொடைச்சுக்கிட்டே இருக்கியளா?"ன்னு கேட்டா. பால்துரை காலி சிரிஞ்சைத் தூக்கிக் காட்டுனான். "உனக்கு எருமத் தோலு பிள்ள"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டான்.

இது நடந்தது செம்மணல்விளையில. அந்த ஊரைச் சுத்தித் தேரி, கண்ணு போற வரைக்கும் மொளகாப் பொடியக் கொட்டி வச்ச மாதிரி செவப்பு மணல் மேடு. ஆடிக் காத்து வந்துச்சுன்னா அந்த மேடு எந்திரிச்சு நடக்கும். இன்னைக்கு ஒருத்தன் முருங்கை விளையில இருக்கிற மேடு, காத்து ஓஞ்சு பாத்தா அடுத்தவன் பனைய இடுப்பு வரைக்கும் விழுங்கிட்டு உக்காந்திருக்கும். ஊரே மணல்ல நடந்து நடந்து கெண்டைக்கால் வச்ச ஊரு, அதனால அங்க கபடிங்கிறது விளையாட்டு கிடையாது, குணம். ரேஷன் கடை வரிசையில கூட ஒருத்தரு மூச்சை அடக்கிக்கிட்டு குறுக்க பூந்து தொட்டுட்டு ஓடுவாரு.

செம்புயல் மகளிர் கபடிக் குழுவுல "கபடி கபடி"ன்னு எதிர்ப்பக்கம் பாடிப் போறவ பிரமசக்தி, ஊருக்குப் பிரமு. கார்னர்ல நின்னு கணுக்காலப் பிடிக்கிறவ ரெக்சிலின், ஊருக்கு ரெக்சி. ரெண்டு பேரும் ஒரே தெரு, ஒரே வயசு, ஒரே சண்டை. சண்டை எதப் பத்தின்னா ஊசியப் பத்தி. ஜிம்மு வச்சிருக்கிற பால்துரை, எங்கிருந்தோ குப்பி குப்பியா மருந்து கொண்டாந்து, கபடிப் பிள்ளைகளுக்கு "சத்து ஊசி"ன்னு குத்திக்கிட்டிருந்தான். கோச்சு முத்துமாலை சாருக்கு அது தெரியும், தெரிஞ்சாலும் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவருக்குக் கண்ணுல மணல் விழுந்துரும்.

பிரமு மட்டும் போகல. போகாதது மட்டுமில்ல, போறவளுகள நடுத் தெருவுல நிறுத்தி வச்சுக் கிழிப்பா. "உழைக்கத் துப்பில்லாதவளுகதான்டி ஊசிக்குப் போவாளுக. மாட்டுக்குப் போடுறத மனுசிக்குப் போட்டா மனுசி ஜெயிச்சாளா, மாடு ஜெயிச்சுச்சா?" காலேஜு விழாவுல மைக்கப் புடிச்சு இதையே பேசி, சிறப்பு விருந்தினரா வந்த ஒரு பழைய விளையாட்டு வீரரப் பாத்து "நீங்க என்ன போட்டுக்கிட்டீங்க?"ன்னு கேக்க, விருந்தினரு பொன்னாடையோட எறங்கிப் போயிட்டாரு. பேசுறதோட நிக்கிறவ இல்ல அவ. விடியுறதுக்குள்ள எந்திரிச்சு மணல் மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு தேரி மேட்டுல ஏறுவா, எறங்குவா, திரும்பவும் ஏறுவா. மேட்டு உச்சியில ஒத்தப் பனை, அதுல கட்டுன வடக்கயிறு. காலைத் தூக்கி மடக்கிக்கிட்டு வெறுங்கையாலயே அதுல ஏறுவா. பாதிக்கு மேல இடது தோளு இழுக்கும், அப்ப வலது கையில கூட ஒரு பிடி போட்டுச் சமாளிச்சு உச்சியத் தொட்டுட்டு எறங்கி, சூரியனப் பாத்து ஒரு முறை முறைப்பா, "நீ இப்பதான் வாறியா?"ங்கிற மாதிரி. ரெக்சி அந்நேரம் போர்வைய இழுத்து மூடிக்கிட்டு மறுபக்கம் புரண்டு படுப்பா.

பிரமுவுக்கு ஒடம்பு ஏறுச்சு. தோளு விரிஞ்சுது, தொடை தேக்குக் கட்ட மாதிரி ஆச்சு, பாடிப் போனா எதிராளிகள நாலு பேரையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்தா. தொண்டை கட்டை ஆச்சு. மொகமெல்லாம் பரு, மேல் உதட்டுல மெல்லிசா ஒரு நெழல். மாசாமாசம் வாறது வராம நின்னுது. முருங்கைக்கா சிப்பம் கட்டப் போற அவ அம்மா மட்டும் பக்கத்துல வந்து மோந்து பாக்கிற மாதிரி நின்னு, "என்னட்டி, உன் வேர்வ வேற என்னமோ மாதிரி வாடை அடிக்கு"ன்னா. "உழைச்சா அப்படித்தான் அடிக்கும்மா"ன்னா பிரமு. ஊரு அவ படத்தைப் போட்டு பஸ் ஸ்டாப்புல பிளெக்ஸ் வச்சுது: உழைப்பின் மறு உருவமே.

ரெக்சி வீட்டுல கதை வேற மாதிரி. அவ அம்மா எஸ்தர் தினமும் விளக்குமாத்த எடுத்துக்கிட்டு கத்துவா. "தூங்குற பிள்ள பாயில தேரி மண்ணு எங்கனருந்துட்டி வருது? சொப்பனத்துல ஓடுறியா?" அள்ள அள்ள வந்துச்சு செம்மண்ணு.

ஒரு நாள் சாயங்காலம், ஆட்டம் முடிஞ்சு எல்லாவளும் போனதுக்கப்புறம், தண்ணித் தொட்டிக்கிட்ட ரெக்சி வந்து நின்னா.

"ஏட்டி பிரமு, உன் கையக் காட்டு."

"எதுக்கு, கைரேகை பாத்து எனக்கு மாப்பிள்ள சொல்லப் போறியா?"

"காட்டுட்டி மூதி."

பிரமு காட்டுனா. வாழைக்குருத்து மாதிரி வழவழன்னு இருந்துச்சு. தினமும் வடக்கயித்துல தொங்குற கை. அவளுக்கே அது இப்பதான் ஒறைச்சுது. ரெக்சி தன்னோட வலது கைய விரிச்சு அது பக்கத்துல வச்சா. பனமட்டை. காய்ப்பு மேல காய்ப்பு, நடுவுல வெடிப்பு.

"இது யாரு காய்ப்பு? கயித்த நான் தொட்டதே துணி காயப் போடுறதுக்குத்தான். காலையில எந்திரிச்சா கெண்டைக்கால் உசிரு போவுது. படுத்துத் தூங்குன எனக்கு என்ன மயித்துக்குட்டி கால் வலிக்கணும்?"

பிரமு ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பாத்தா. அப்புறம் கேட்டா, "கடைசியா எப்ப ஊசி போட்ட?"

"முந்தாநாத்து. மத்தியானம்."

"எந்தப் பக்கம்?"

"வலது."

பிரமு பாவாடை நாடா ஓரத்த லேசா எறக்கிக் காட்டுனா. வலது இடுப்புல, நாவப்பழம் நசுங்குன மாதிரி, கன்னிப் போன ஊசித் தடம். பக்கத்துல மங்கலா இன்னொண்ணு, அதுக்குப் பக்கத்துல இன்னும் மங்கலா இன்னொண்ணு.

ரெக்சி குனிஞ்சு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தா.

"அப்போ," பிரமு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னா, "நான் நாயா ஓடுனதெல்லாம் நீ தின்னிருக்க."

"அப்போ, நான் வெக்கத்த விட்டு குப்புறப் படுத்து வாங்குனதெல்லாம் நீ தின்னிருக்க. எனக்கு நன்றி சொல்லுட்டி, பிளெக்ஸ்ல மூஞ்சி வந்துச்சுல்லா."

ரெண்டு பேரும் மயித்தப் புடிச்சுக்கிட்டாளுக. பிரமு தள்ளுனா ரெக்சி தொட்டி மேல போயி மோதுனா, ரெக்சி பிடிச்சா பிரமு கையி கன்னிப் போச்சு. தள்ளுனது ரெக்சியோட ஊசி, பிடிச்சது பிரமுவோட கயிறு. பாதி சண்டையில ரெண்டு பேருக்கும் யாரை அடிக்கோம்னு தெரியாமப் போயி, மூச்சு வாங்கிக்கிட்டு, மணல்ல தள்ளித் தள்ளி உக்காந்தாளுக.

ஊருக்கு விசயம் தெரிஞ்சப்போ யாரும் கண்ணைக்கூட அகலமாத் தொறக்கல. ஏன் ஆச்சு, எதனால ஆச்சுன்னு கேட்டவன் ஒருத்தன் கிடையாது. எது எது மாறுது, எது எது மாறலங்கிறதுதான் ஊருக்குக் கவலை. சோத்தப் போட்டுப் பாத்தாங்க, தின்னவ வயித்துலதான் நின்னுது. ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிப் பாத்தாங்க, படிச்சவ தலையிலதான் ஏறுச்சு, அதுவும் ரெக்சி தலையில ஏறவே இல்ல. ஓடும்போது ஓடுறவளுக்குத்தான் மூச்சு வாங்குச்சு. ஓடி முடிச்சதும் வாற வலியும், அந்த வலி உள்ள வச்சிட்டுப் போற பலமும்தான் அடுத்தவளுக்குப் போச்சு. மருந்தும் மெனக்கெடுறதும் மட்டும் ஆள் மாறுது, மத்ததெல்லாம் அவளவளுக்குன்னு ஊரு முடிவு பண்ணி, அதுக்கு ஏத்த மாதிரி நடக்க ஆரம்பிச்சுது.

மறுவாரமே ரெக்சிக்குக் காய்ச்சல். எஸ்தர் ஒரு டம்ளர் நெலவேம்புக் கஷாயத்த ஏந்திக்கிட்டு நேரா பிரமு வீட்டு வாசலுக்கு வந்தா.

"குடி மக்கா."

"எனக்கு என்ன சித்தி? நான் நல்லாத்தான இருக்கேன்."

"உனக்கு ஒண்ணுமில்ல, அவளுக்குத்தான் கொதிக்கு. அவளுக்குக் குடுத்தா உனக்குத்தான போவும். கண்ண மூடிக்கிட்டு மடக்குன்னு குடிச்சிரு, கருப்பட்டித் துண்டு கொண்டாந்திருக்கேன்."

பிரமு நீதி, நேர்மைன்னு வாசல்ல நின்னு முழங்குனா, எஸ்தர் டம்ளர நீட்டுன கைய எறக்கவே இல்ல. கடைசியில குடிச்சா. தெருக் கோடியில ரெக்சிக்கு வேர்த்துக் காய்ச்சல் எறங்குச்சு. நாக்குல கசப்பு மட்டும் பிரமுவுக்கே நின்னுது. இது என்ன சட்டம்னு அவளுக்குப் புரியவே இல்ல.

டீக்கடையில அவ போயி நியாயம் கேட்டா. அங்க உக்காந்திருந்த முருங்கை யாவாரிக எல்லாரும் அவளுக்கு மாமா முறை.

"என் உழைப்பு இன்னொருத்திகிட்டப் போயிருக்கு. ஊரு என்ன சொல்லுது?"

"காத்துல ஏறுன மணலத் திருப்பிக் கேக்கப்பிடாதுல்லா மக்கா"ன்னாங்க. அதுதான் ஊரு வழக்கம். உன் விளை மணலு அடுத்தவன் விளைக்குப் போயிட்டா கூடைய எடுத்துக்கிட்டுப் போயி நிக்கக்கூடாது. அவன் மணலு உன் பனைய மூடுனா அவன் வாசல்ல போயிக் கத்தக்கூடாது. காத்து கொண்டாந்தத வச்சுப் பொழைச்சுக்கணும். அப்படி இல்லாட்டி தேரியில ஒரு நாளும் பொழைக்க முடியாது, தெனமும் அருவாதான்.

"மணலும் நானும் ஒண்ணா மாமா? மணலு வேர்வ சிந்துமா? மணலு விடியக்காலம் எந்திரிக்குமா?"

"ஆடியில எங்களுக்கு முன்னால அதுதான் எந்திரிக்கும்"னு ஒருத்தரு சொல்ல, கடையே சிரிச்சுது. பிரமு டீ கிளாஸ டொக்குன்னு வச்சிட்டு வந்துட்டா.

கோச்சுக்கு அதை விடத் தெளிவு. "இதுல என்னம்மா குழப்பம்? ஊசியும் நம்ம டீமுக்குள்ள, உழைப்பும் நம்ம டீமுக்குள்ள. வெளிய எதுவும் சிந்தலியே"ன்னாரு. பிளெக்ஸ் அடிச்சவனுகளுக்குத்தான் கொஞ்சம் தலைவலி. மறு உருவம் யாருன்னு தெரியல. ரெண்டு மூஞ்சியும் போட்டு, எழுத்த நடுவுல போட்டு, பாக்கிறவன் பாத்து எடுத்துக்கட்டும்னு விட்டுட்டானுக.

பிரமுவுக்கு மட்டும் எதுலயும் கால் நிக்கல. மோவாயத் தடவுனா சொரசொரன்னு இருந்துச்சு. கண்ணாடியப் பாத்தா, கண்ணாடிக்குள்ள நின்ன தோளு யாரு தோளு? ஜெயிச்ச ஆட்டத்தையெல்லாம் ஒவ்வொண்ணா நெனைச்சுப் பாத்தா, அதுல எங்க ஊசி முடிஞ்சு எங்க அவ ஆரம்பிக்கான்னு தெரியல. பாடிப் போறதுல ஒரு தந்திரம் உண்டு, எதிராளி கண்ணு எங்க பாக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் தோளக் காட்டிட்டு காலால தொடுறது. அது என்னோடதுதான, அது மெனக்கெட்டது இல்ல, கூடப் பொறந்ததுன்னு ஒரு நாள் சமாதானம் ஆவா. மறுநாளு அதுலயும் சந்தேகம் வரும். அம்மாகிட்ட எரிஞ்சு விழுவா, எரிஞ்சு விழுந்துட்டு, பால்துரை மருந்து போட்டவளுக்கெல்லாம் கோவம் தலைக்கு ஏறும்னு கேள்விப்பட்டது ஞாபகம் வந்து அப்படியே நிப்பா. ஏன் எனக்கு இவ்வளவு கோவம் வருது? சின்னதுலருந்தே வருமே. ஆனா இவ்வளவு வந்துச்சா? கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் தன்னோடதுன்னு நெனைச்சிருந்தா, அந்தக் கோவம். இப்ப அதுவும் ரெக்சியோடதோ?

இந்த நேரத்துலதான் சேதி வந்துச்சு. பொம்பளைகளுக்குச் சம்பளம் குடுத்து ஆட வைக்கிற லீக்குல, சென்னை டீமுக்கு ஒரே ஒரு எடம். தை மாசம் செம்மணல்விளை கிரவுண்டுலயே ரப்பர் பாய் விரிச்சுத் தேர்வு. ஜெயிக்கிறவகிட்ட அங்கனயே ஒண்ணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. அதுல மருந்து தெரிஞ்சா அத்தோட அவ ஆட்டம் முடிஞ்சுது, எந்த டீமும் சேக்காது.

கோச்சு ரெக்சிய மட்டும் கூப்பிட்டுத் தட்டிக் குடுத்தாரு. "உன் ஒடம்பு பால் மாதிரி சுத்தம்மா"ன்னாரு. வருசக்கணக்கா ஊசி போட்டவ சுத்தம். ஊசிய எதிர்த்து ஊரையே கிழிச்சவ ஒடம்பு பூரா மருந்து. அவ வாயத் தொறந்து "நான் போடல"ன்னு சொன்னா உலகத்துல எந்த லேபு கேக்கும்?

பிரமு ரெக்சி வீட்டுக் கொல்லையில போயி நின்னா. கெஞ்சுறதுக்குத்தான் போனா, வாயி வழக்கம் போல வேற மாதிரி தொறந்துச்சு. "இன்னையோட ஊசிய நிப்பாட்டுற. இல்லாட்டி பால்துரை ஜிம்முக்குள்ள பூந்து குப்பியெல்லாம் ஒடைப்பேன்."

துணி அலசிக்கிட்டிருந்த ரெக்சி நிமிர்ந்தா. "நிப்பாட்டுனா நீ சப்புன்னு ஆயிருவியே. அப்புறம் எத வச்சு ஆடுவ?"

"நீ ஓடு. நீ தேரியில ஏறு. நீ ஏறுனா எனக்கு வரும்."

"நானா!" ரெக்சி சிரிச்சா. அப்புறம் சிரிப்பு பைய நின்னுது. "பொறுட்டி. எடம் ஒண்ணு. நீ ஓடுனா எனக்கு ஏறும், நான் ஓடுனா உனக்கு ஏறும். நான் படுத்தே கெடந்தா நீ ஒண்ணுமில்லாமப் போவ. எந்தக் கோட்டிக்காரிட்டி எதிராளிக்காக ஓடுவா?"

அதே கேள்வி பிரமுவுக்கும்தான். அவ நாளைலருந்து தேரிப் பக்கமே போகாட்டி ரெக்சியோட கணுக்கால் பிடி கரைஞ்சு போயிரும்.

"நான் ஓடுவேன்"னா பிரமு. "நீ உன் இஷ்டம்." சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. ஏன் சொன்னான்னு வீடு வாற வரைக்கும் யோசிச்சா, தெரியல.

ரெக்சி ஊசிக்குப் போகல, பிரமு இடுப்புல குத்து நின்னு போச்சு. அது நின்னப்போ ஆவணி. புரட்டாசியில பிரமு ஓலை மாதிரி ஆயிட்டா. தோளு எறங்கி, தொடை தொளதொளன்னு, எட்டாங் கிளாஸ் படிக்கிற பிள்ளைக அவள கிரவுண்டுல அமுக்கிப் போட்டுட்டு "அக்கா, எந்திரிங்க"ன்னு கையக் குடுத்தாளுக. ஊரு அதையும் ஒண்ணும் சொல்லல, காத்து திசை மாறிட்டுன்னு மட்டும் சொல்லுச்சு. அவ விடியக்காலம் எந்திரிச்சு, மூட்டையத் தூக்க முடியாம இழுத்துக்கிட்டே ஏறி, கயித்துல தொங்கிட்டு எறங்குனா. அத்தனையும் அடுத்தவ கையிக்குப் போகுதுன்னு தெரிஞ்சே செஞ்சா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, யாரைத் திட்டுறதுன்னு தெரியாம, பனையத் திட்டிக்கிட்டே செஞ்சா.

ஐப்பசியில ஒரு நாளு அவளால எந்திரிக்க முடியல. முடியலங்கிறது பொய்யி, எந்திரிக்கல. நல்லா மழை பேஞ்சு விட்ட காலையில, போர்வைக்குள்ள கெடந்துக்கிட்டு, "போதும். அந்த மூதிக்கு நான் எதுக்குச் சாகணும்"னு புரண்டு படுத்தா. படுத்த கொஞ்ச நேரத்துல, அவ கெண்டைக்கால் தானா இழுத்துச்சு. பைய, உள்ளேருந்து, நல்லா ஓடி முடிச்சவளுக்கு வலிக்கிற மாதிரி வலிச்சுது. போர்வைய விலக்கிப் பாத்தா. ரெண்டு பாதத்துலயும் ஈரச் செம்மண்ணு.

பிரமு அப்படியே எந்திரிச்சு, மொகங்கூடக் கழுவாம தேரிக்கு ஓடுனா. மேட்டுக்கு அந்தப் பக்கச் சரிவுல மழை மணல்ல புதுசாக் கால் தடம், ஏறுனதும் எறங்குனதும். ஆள் போயிட்டா. பிரமு இந்தப் பக்கச் சரிவுல ஏறுனா.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல, பாத்துக்கவும் இல்ல. வலிச்சா அவ ஓடியிருக்கா, வலிக்காட்டி ஓடல, அவ்வளவுதான் சேதி. வலிக்காத ஒரு நாளு பிரமு அரிவாள எடுக்காத கொறையா எஸ்தர் வாசல்ல போயி நிக்க, எஸ்தர் வெள்ளச் சேலையோட வெளிய வந்து, "இன்னைக்கு ஞாயித்துக் கிழமைட்டி, கோயிலுக்குப் போவாண்டாமா?"ன்னா. மார்கழியில பிரமு தோளு திரும்ப விரிஞ்சுது, வேற மாதிரி, ஒல்லியா, நாரு நாரா. குரலு கொஞ்சம் எளகுச்சு. அம்மா பக்கத்துல வந்து மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனா.

தேர்வு நாளு. டெஸ்டு எடுக்க வந்த மேடம் ரயில்ல தூங்காத கண்ணோட, ஆடுறவ எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுக் கேட்டாங்க. "சமீபத்துல மருந்து, மாத்திரை, கஷாயம் ஏதாவது எடுத்துக்கிட்டீங்களாம்மா?"

"நான் குடிச்சதச் சொல்லணுமா, எனக்குள்ள போனதச் சொல்லணுமா மேடம்?"ன்னா பிரமு.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"எங்க ஊர்ல இல்ல மேடம்."

மேடம் பேனாவ நிறுத்திட்டு சுத்தி நின்ன ஊரப் பாத்தாங்க. ஊரு ஆமான்னு தலையாட்டுச்சு. மேடம் பெருமூச்சு விட்டுட்டு அடுத்தவளக் கூப்பிட்டாங்க.

ரெண்டு பேரையும் எதிரெதிர் பக்கம் போட்டாங்க. ஆட்டம் இழுத்துக்கிட்டே போயி, ரெண்டு பக்கமும் சமமா வந்து, கடைசிப் பாட்டு பிரமுவோடது. எதிர்ப்பக்கத்துல மிச்சம் நின்னது ரெக்சி ஒருத்திதான். இவ தொட்டுட்டுத் திரும்புனா இவளுக்கு எடம், அவ பிடிச்சு நிறுத்திட்டா அவளுக்கு. ஊரு முந்திரிக் கொல்லாமரக் கெளையெல்லாம் ஏறி உக்காந்து மூச்ச அடக்கிக்கிட்டுது.

"கபடி கபடி கபடி"ன்னு பிரமு உள்ள போனா. தோள எடது பக்கம் காட்டிட்டு வலது காலால ரெக்சி முழங்காலத் தொட்டா. தொட்டது தொட்டதுதான், ஆனா திரும்புறதுக்குள்ள ரெக்சி பாஞ்சு ரெண்டு கையாலயும் கணுக்காலக் கவ்விட்டா. பிரமு குப்புற விழுந்தா. நடுக்கோடு ஒரு சாணு தள்ளி இருந்துச்சு. விரல் நுனி அதுல பட்டாப் போதும், பிடிச்சவ அவுட்டு.

அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். அது அவளோட பிடி. ஒத்தப் பனையும் வடக்கயிறும், மணல் மூட்டையும் பனியும், அவ சூரியன முறைச்ச காலைப் பொழுதெல்லாம் ஒண்ணாச் சேந்து அவ கணுக்காலப் புடிச்சு இழுத்துச்சு. இழுபடாம ரப்பர் பாய உதைச்ச தொடையில இருந்தது ரெக்சியோட ஓட்டம், மழைச் சரிவும், ஞாயித்துக் கிழமை தவிர மத்த எல்லா விடியலும். ரெண்டும் சமமா இருந்துச்சு. நகரல. பாட்டு தேஞ்சுக்கிட்டே வந்துச்சு, கபடி, கபடி, கப... உழைச்ச உழைப்பே நம்மளக் கவுக்குமான்னு அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு.

அப்பதான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வந்தது மூளைக்கு இல்ல, இடது தோளுக்கு. பாதிக் கயித்துக்கு மேல இழுக்கும்ல, அப்ப வலதுல கூட ஒரு பிடி போட்டுச் சமாளிப்பால்ல. ஒரு நாளா ரெண்டு நாளா, எந்த நாளும் அப்படித்தான். யாருகிட்டயும் சொன்னதில்ல, சொல்ற அளவுக்கு அது ஒரு விசயம்னு தோணுனதும் இல்ல.

காலை ரெக்சியோட இடது கைப் பக்கமாத் திருகுனா. அங்க ஓட்டை இருந்துச்சு. எங்க இருக்கும்னு நெனைச்சாளோ அங்கனயே, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல பிடி இளகிச்சு. கணுக்கால் வழுக்கிட்டு வெளிய வந்துச்சு, தொடை ஒரு உதை உதைச்சுது, விரல் நுனி நடுக்கோட்டுல பட்டுச்சு. அம்பையரு கையத் தூக்குனாரு. மரமெல்லாம் கூச்சல் போட்டுச்சு. கோச்சு கண்ணுல மணல் விழாம ஓடி வந்தாரு.

"ஜெயிச்சவங்க இங்க வாங்கம்மா"ன்னு மேடம் பாட்டிலத் தூக்கிக் காட்டுனாங்க.

ரெக்சி எந்திரிக்கல. குப்புறக் கெடந்தபடியே ரெண்டு கையையும் மூஞ்சிக்கு நேரா விரிச்சு வச்சு, வலதப் பாத்தா, இடதப் பாத்தா, இடது சுண்டு விரலுக்குக் கீழ காய்ப்பே இல்லாத அந்த எடத்தக் கட்டை விரலால தடவிப் பாத்தா. அப்புறம் தலையத் தூக்குனா. சிரிக்காளா அழுறாளான்னு தெரியல.

"ஏட்டி பிரமு," அவ கேட்டா, "இடது கைய மட்டும் ஏமாத்திட்டியாட்டி?"

பிரமசக்தி பதில் சொல்ல வாயத் தொறந்தா. புரொபசரையும் சிறப்பு விருந்தினரையும் டீக்கடையையும் ஒரே மூச்சுல கிழிச்ச வாயி, தொறந்தபடியே நின்னுது. மேடம் திரும்பவும் கூப்பிட்டாங்க. குனிஞ்சு தன் பாதத்தப் பாத்தா. காலையில அவ கழுவிட்டுத்தான் ரப்பர் பாயில ஏறுனா. ரெண்டு குதிங்காலும் இப்ப ரெக்சி ஓடுன தேரி மண்ணுல செக்கச் செவேர்னு இருந்துச்சு, வலதும் இடதும் ஒண்ணு போல, ஒரு எடம் விடாம.